மிதுனத்தில் பொங்கும் நட்சத்திரம்: சென்னை மொட்டை மாடிக்கு எந்தத் தொலைநோக்கி?

கீழ்வீட்டுத் தம்பி போன வாரம் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டான். “அக்கா, போனஸ் வந்திருக்கு. எட்டு இன்ச் டாப்சோனியன் வாங்கட்டுமா, இல்ல அந்தச் சின்ன ஸ்மார்ட் டெலஸ்கோப்பா? குறுநோவா ஒண்ணு மறையறதை நானே அளந்து பார்க்கணும்.”

டாப்சோனியன் என்பது பெரிய கண்ணாடி வைத்த, கையால் திருப்பிக் கண்ணால் பார்க்கும் எளிய தொலைநோக்கி; ஸ்மார்ட் டெலஸ்கோப் தானே படம் எடுக்கும் சின்னக் கருவி. எது என்பது படியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. எதை வாங்குவது என்பதற்கு முன்னால் எந்த நட்சத்திரம், எந்த மாதம், அதனிடம் என்ன கேட்கப்போகிறோம் என்று மூன்றும் முடிவாக வேண்டும். அதோடு, நான் பதினோரு வருடமாகக் கண்ணால் பார்த்தே பழகியவள். என் பழக்கத்தையே அவனுக்கு ஆலோசனையாகச் சொல்லிவிடக் கூடாது. அதனால் ஆற அமர எழுதிப் பார்த்தேன். மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடிக்குப் பொருந்துவது சென்னையில் பெரும்பாலான மொட்டை மாடிகளுக்கும் பொருந்தும்.

குறுநோவா என்பது ஒரு நட்சத்திரம் இல்லை, இரண்டு. ஒன்று வெள்ளைக் குள்ளன். பூமி அளவே இருக்கும், ஆனால் எடையில் சூரியனுக்குக் கிட்டத்தட்ட வரும். மற்றது குளிர்ந்த சிவப்பு நட்சத்திரம். இரண்டும் சில மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றிவிடும் அளவுக்கு நெருக்கம். சிவப்பிலிருந்து வழியும் வாயு நேராகக் குள்ளன் மேல் விழாமல், சுற்றிலும் ஒரு வட்டாகச் சேர்கிறது. சேரச் சேர வட்டு சூடாகிறது. ஒரு கட்டத்தில் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனியாகிறது, வாயுவின் பிசுக்குத்தன்மை கூடுகிறது, தேங்கி நின்றதெல்லாம் மளமளவென்று உள்ளே இறங்குகிறது. அந்த நாட்களில் வட்டு முழுவதும் பளீரென்று எரியும். வாயு வட்டில் தேங்கித் தேங்கி விழுகிறது என்ற விளக்கத்தை 1974இல் ஜப்பானிய வானியலாளர் யோஜி ஓசாகி முன்வைத்தார்; ஹைட்ரஜன் அயனியாவதுதான் காரணம் என்பது பின்னால் சேர்ந்தது. பலர் இதை வெடிப்பு என்று எழுதுகிறார்கள். இங்கே எதுவும் வெடித்துச் சிதறுவதில்லை. உலை கொதித்துப் பொங்கி, மறுபடி அடங்கி, மறுபடி பொங்குகிறது. பொங்கல் என்ற சொல்தான் சரியென்று எனக்குத் தோன்றுகிறது.

மறைப்பு என்பது நாம் இருக்கும் கோணத்தால் கிடைக்கும் அதிர்ஷ்டம். சுற்றுப்பாதை நமக்கு ஏறக்குறைய பக்கவாட்டில் அமைந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பு நட்சத்திரம் வட்டின் குறுக்கே வந்து ஒளியைக் கொஞ்ச நேரம் மறைக்கும். வட்டு எவ்வளவு பெரியது, அதில் எந்தப் பகுதி எரிகிறது என்பதையெல்லாம் அந்த மறைப்பின் ஆழமும் அகலமும் சொல்லிவிடும். எந்தத் தொலைநோக்கியாலும் நேரில் பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றை நிழலை வைத்து அளக்கிறோம். தம்பி இதைக் கேட்டான் என்பதிலேயே எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, எந்த நட்சத்திரம்?

மறைப்புள்ள குறுநோவாக்களில் பேர்போனவை பல தென்துருவத்துப் பக்கம் இருக்கின்றன. இசட் கமேலியான்டிஸ் நமக்கு அடிவானத்தை விட்டு எழும்புவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஓய் கரினே ஏழு பாகை உயரத்துக்கு மேல் வராது; அந்த உயரத்தில் சென்னையில் தெரிவது விளக்கு வெளிச்சமும் கடல் ஈரமும்தான். வடக்கே எச்டி காசியோபியா 106 நிமிடத்துக்கு ஒருமுறை முழுதாக மறைகிற அருமையான நட்சத்திரம். ஆனால் அதன் பெரும்பொங்கல் 1985இல் வந்தது, அடுத்தது 2010இல். அதை நம்பி யாரையும் தொலைநோக்கி வாங்கச் சொல்ல மாட்டேன். மிஞ்சுவது இரண்டு: ஐபி பெகாசி, மிதுனத்தில் இருக்கும் யூ ஜெமினோரம்.

மறைப்பு மட்டும்தான் கணக்கு என்றால் ஐபி பெகாசிக்கே முதலிடம். 3 மணி 48 நிமிடத்துக்கு ஒருமுறை மறைகிறது. பொங்கி நிற்கும்போதும் மறைப்பு ஆழமாகவே இருக்கும், அரை மணிக்கு மேல் நீடிக்கும். வரைபடத்தில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொங்குகிறது. சென்னையில் 85 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே கடக்கிறது. இத்தனை இருந்தும் அதை நான் சிபாரிசு செய்யாததற்குக் காரணம் நம் ஊர் மழை. ஐபி பெகாசி நள்ளிரவில் உச்சிக்கு வருவது செப்டம்பரில். அப்போது மாலையானால் இடி மேகம். அக்டோபர் பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் கடைசியில் வானம் திறக்கும்போது அது மேற்கே சாய்ந்திருக்கும். ஜனவரி நடுவில் பத்தே கால் மணிக்கெல்லாம் மறைந்துவிடும். பொங்கினாலும் ஒளித்தரம் 12 சுமார்தான். (ஒளித்தரம் என்பது பிரகாசத்தைச் சொல்லும் எண். எண் கூடக் கூட மங்கல், புதிதாக வருபவர்கள் இதில் தடுமாறுவார்கள்.)

யூ ஜெமினோரம் நேர்மாறு. நாட்காட்டியும் மழையும் அதற்காகவே பேசி வைத்துக்கொண்டதுபோல் இருக்கும். டிசம்பர் நடுவில் இரவு எட்டு மணிக்கு மேல் உதிக்கிறது. தைப் பொங்கல் சமயத்தில் மாலை ஆறரைக்குள் கிழக்கே எழுந்து, நள்ளிரவு தாண்டி 81 பாகை உயரத்தில் உச்சியைத் தொடுகிறது. மார்ச் கடைசியில் மாலை ஏழரைக்கே உச்சியில் நிற்கிறது. மே நடு வரை முன்னிரவில் பிடிக்கலாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சென்னைக்குக் கிடைக்கும் தெளிந்த இரவுகள் அத்தனையும் இதற்குத்தான். அமைதியில் 14க்கு மேல் மங்கலாகக் கிடப்பது ஓரிரு நாளில் 9க்கு ஏறும். அதாவது நூறு மடங்குக்கு மேல் பிரகாசம். சராசரியாக நூறு நாளுக்கு ஒருமுறை பொங்குகிறது என்பார்கள், ஆனால் அந்தச் சராசரியை நம்பி லீவு போட முடியாது; இடைவெளி இரண்டு மாதமாகவும் இருக்கும், எட்டு மாதமாகவும் இருக்கும். சில பொங்கல் ஒரு வாரம் சொச்சத்தில் அடங்கும், சில இரண்டு வாரம் தாண்டும். 1985இல் ஒன்று ஒரு மாதத்துக்கு மேலேயே நீடித்தது.

இந்த நட்சத்திரத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. 1855 டிசம்பர் 15 அன்று லண்டனில் ஆங்கிலேய வானியலாளர் ஹைண்ட் இதைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து இதைக் கூர்ந்து கவனித்தவர்களில் ஒருவர் நார்மன் போக்சன். ஒளித்தரம் ஐந்து படி என்றால் நூறு மடங்கு என்ற அளவுகோலைத் தந்த அதே போக்சன்தான். 1861இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவராக 1891இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவரிடம் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாசாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில், தமிழ்க் கல்வெட்டோடு நிற்கிறது. மாறொளி நட்சத்திரம் பார்ப்பது சென்னைக்குப் புதிதில்லை என்று தம்பிக்குச் சொல்ல வேண்டும்.

யூ ஜெமினோரத்தில் இரண்டு குறை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, நிலா. நட்சத்திரம் சூரியப் பாதையை ஒட்டியே, சுமார் ஒரு பாகை வடக்கே இருக்கிறது. பஞ்சாங்கக் கணக்கில் அது புனர்பூசத்தின் கடைசிப் பாதம். மாதாமாதம் நிலா அதை உரசிக்கொண்டு போகும். தைப்பூசத்துக்கு முந்தின இரவு முழு நிலா அதன் பக்கத்திலேயே நிற்கும், அன்றைக்கு ஒன்றும் நடக்காது. நான் நாட்காட்டியில் திருவாதிரை, புனர்பூசம், பூசம், ஆயில்யம் என்று போட்டிருக்கும் நாட்களை முன்கூட்டியே அடித்துவிடுவேன். வளர்பிறை, தேய்பிறை பார்ப்பதைவிட இந்த நட்சத்திரத்துக்கு இது சுலபமான கணக்கு.

இன்னொன்று இன்னும் முக்கியம். யூ ஜெமினோரத்தின் சுற்று 4 மணி 15 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதில் வெள்ளைக் குள்ளனே மறைவதில்லை. வட்டின் ஓரமும், சிவப்பிலிருந்து விழும் வாயு வட்டில் மோதும் சூடான புள்ளியும்தான் மறைகின்றன. பொங்கல் உச்சத்தில் வட்டின் நடுப்பகுதி பளபளக்கும்போது ஓரம் மறைந்தாலும் மொத்த ஒளியில் பெரிதாக ஒன்றும் குறையாது. மறைப்பு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். பொங்கல் வடிந்து 12, 13 என்று இறங்கும்போதுதான் பள்ளம் மறுபடி தலைகாட்டி, இரவுக்கிரவு ஆழமாகும். ஆக, கண்ணுக்குச் சுலபமாகத் தெரிகிற நாட்களில் மறைப்பு இல்லை. மறைப்பு தெரிகிற நாட்களில் கண்ணுக்கு எட்டாது. தொலைநோக்கித் தேர்வு மொத்தமும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

இப்போது எட்டு அங்குல டாப்சோனியன். என்னிடம் இருப்பது அதுதான். மாடிக்குத் தூக்கிப் போய் வைத்து, கண்ணாடி குளிர இருபது நிமிடம் விட்டால் போதும். மின்சாரம் வேண்டாம், செயலி வேண்டாம். புனர்பூசத்து இரட்டையரில் தெற்கே இருக்கும் போலக்ஸிலிருந்து கப்பா ஜெமினோரம் என்ற நட்சத்திரத்துக்கு வந்து, அங்கிருந்து தென்கிழக்கே மூன்றரை பாகை நகர்ந்தால் இடம் வந்துவிடும். அமெரிக்க மாறொளி நட்சத்திரப் பார்வையாளர் சங்கமான ஏஏவிஎஸ்ஓவின் வரைபடத்தில் பக்கத்து நட்சத்திரங்களின் ஒளித்தரம் குறித்திருக்கும். இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று ஒப்பிட்டு ஒரு எண் சொல்லலாம். பழகிய கண்ணுக்கு அதில் 0.1, 0.2 பிழை வரும்.

எங்கள் மாடியில் அந்த எட்டு அங்குலத்துக்குத் தெரிகிற எல்லை 12 சொச்சம். எனவே முக்கால்வாசி இரவுகளில் நோட்டில் எழுதுவது ஒரே வரிதான்: “தெரியவில்லை, 12.1ஐவிட மங்கல்.” அதுவும் நல்ல பதிவுதான், எந்த நாள் வரை பொங்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு வருடம் மார்கழி பிறந்ததிலிருந்து அப்படி இருபத்து மூன்று வரி எழுதியிருந்தேன். காணும் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம், கீழே யாரோ மோட்டாரை நிறுத்த ஓடுகிறார்கள். கண்ணை வைத்தேன். மனப்பாடமான அந்தச் சின்ன நாற்கோணத்துக்கு வெளியே, இருபத்து மூன்று இரவு வெறும் இருட்டாக இருந்த இடத்தில், வெள்ளையாக ஒரு புள்ளி. தவறான இடத்தில் பார்க்கிறேனோ என்று போலக்ஸுக்குத் திரும்பிப் போய் மறுபடி முதலிலிருந்து வந்தேன். அங்கேயே இருந்தது. 9.4 என்று எழுதும்போது பேனா நடுங்கியது. அந்த நிமிடத்துக்காக இன்னும் எத்தனை இருபத்து மூன்று இரவானாலும் பார்ப்பேன்.

ஆனால் தம்பி கேட்டது அதை அல்ல. மறைப்பை அளக்க வேண்டுமென்றான். டாப்சோனியனால் பொங்கல் தொடங்கியதைச் சொல்ல முடியும், உச்சத்தையும் சொல்ல முடியும். 12.5க்கு இறங்கி மறைப்பு நன்றாகத் தெரியத் தொடங்கும்போது என் கண் விடைபெற்றுவிடுகிறது. நட்சத்திரம் உச்சிக்கு வரும்போது டாப்சோனியனை நேர் மேலே திருப்பிப் பின்தொடர்வதும் பெரும்பாடு.

ஸ்மார்ட் டெலஸ்கோப் என்று சொல்வது சீஸ்டார் எஸ்50 போன்றவற்றை. லென்ஸ் விட்டம் 50 மில்லிமீட்டர்தான், என் கண்ணாடியின் கால் பங்கு. ஆனால் அதில் கண்ணுக்குப் பதில் கேமரா. பத்துப் பத்து வினாடியாகப் படம் எடுத்துச் சேர்த்துக்கொண்டே போகும். சில நிமிடம் சேர்த்தால் சென்னை வானத்திலேயே 14ஐத் தாண்டிவிடும். எனக்கு வெறும் இருட்டாகத் தெரிகிற நாளிலும் அது நட்சத்திரத்தைக் காட்டும்; ஏறத் தொடங்கிய முதல் இரவையும் பிடிக்கலாம், இறங்கும்போது மறைப்பையும் அளக்கலாம். ஒவ்வொரு படத்தையும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கும்படி முன்பே அமைத்துவிட வேண்டும். சேர்த்த படம் மட்டும் இருந்தால் அழகு பார்க்கலாம், அளக்க முடியாது. அப்புறம் அந்தக் கோப்புகளை ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருளில் போட்டு, பச்சை நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட வேண்டும். மங்கலாக இருக்கும் நாளில் ஒரு புள்ளிக்கு ஒன்றிரண்டு நிமிடப் படங்களைக் கூட்டிக்கொள்ளலாம். மறைப்பு பல நிமிடம் நீடிப்பதால் அது கெட்டுவிடாது.

அதன் தொல்லையும் உச்சிதான். வெறும் முக்காலியில் வைத்தால் 81 பாகை உயரத்தில் படம் வேகமாகச் சுழலும், உச்சியை ஒட்டிய நேரத்தில் நிறையப் படங்கள் வீணாகும். துருவத்தைப் பார்த்துச் சாய்த்து வைக்கும் வசதி இப்போது வந்திருக்கிறது. மறைப்பு இரவுகளில் அப்படித்தான் வைக்க வேண்டும்.

ஈக்வடோரியல் மவுண்டும் (துருவத்தைப் பார்த்து வைத்தால் வானத்தோடு சேர்ந்து திரும்பும் தாங்கி) குளிரூட்டிய கேமராவும் வாங்கினால் துல்லியம் இவை எல்லாவற்றையும் தாண்டும். சந்தேகமே இல்லை. ஆனால் சென்னை அட்சரேகை 13 பாகை. துருவ நட்சத்திரம் அவ்வளவு தாழ்வில், எதிர்வீட்டு மாடித் தொட்டிக்குப் பின்னால் இருக்கும். பல மவுண்டுகள் 13 பாகைக்குத் தாழ்த்தினால் முரண்டு பிடிக்கும், எதிர்ப்பளுக் கம்பி முக்காலிக் காலில் இடிக்கும். வடக்கே தள்ளி இருக்கும் நாடுகளை மனதில் வைத்துச் செய்த சாமான் அது. தினமும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி, ஒரு மணி நேரம் சரிசெய்து, அப்புறம் மேகம் வந்தால் இறக்க வேண்டும். நிரந்தரமாக மாடியில் கூரை போட்டு வைக்க இடமிருப்பவர்கள் யோசிக்கலாம். வாடகை வீட்டுத் தம்பிக்கு இப்போது வேண்டாம்.

இருட்டைத் தேடி ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போவதைப் பற்றியும் கேட்பான். காவலூர் வானாய்வகம் அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அந்த வானம் வேறு வானம். எட்டு அங்குலத்தில் அங்கே யூ ஜெமினோரத்தை அமைதியிலேயே தொட்டுப் பார்க்க வாய்ப்புண்டு. வருடம் ஒருமுறை போக வேண்டும்தான். ஆனால் நம் நட்சத்திரம் எந்த நாள் பொங்கும் என்று சொல்லாது, புதன்கிழமை பொங்கினால் சனிக்கிழமை வரை காத்திருக்காது.

வாடகைத் தொலைநோக்கி வேறு மாதிரி. ஸ்பெயினிலோ ஆஸ்திரேலியாவிலோ சிலியிலோ இருக்கும் கருவியை நிமிடக் கணக்கில் பணம் கட்டி இங்கிருந்தே இயக்கலாம். நாலு மணி நேரம் தொடர்ந்து ஒரு சுற்று முழுவதும் பிடிப்பதற்குக் கட்டணம் தாளாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் வானம் மூடிக்கிடக்கும்போது ஐபி பெகாசி பொங்கினால் ஒரேயொரு மறைப்பை மட்டும் பிடிக்க, நேரம் பார்த்து ஒரு மணி நேரம் எடுப்பதற்கு அது நல்ல வழி. பணத்தை அதற்கென்று ஒதுக்கி வைக்கலாம்.

தானியங்கி ஆய்வுகள்தான் தினமும் வானத்தைப் படம் பிடிக்கின்றனவே, நாம் எதற்கு என்று ஒரு கேள்வி வரும். அவை ஓரிரு படம் எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். நாலே கால் மணி நேரச் சுற்றில் எந்த நிமிடம் ஒளி குறைந்தது என்பதற்கு யாராவது ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஜப்பானில் நட்சத்திரம் மேற்கே இறங்கி, ஐரோப்பாவில் இன்னும் இருட்டாத நேரத்துக்கு நம் தீர்க்கரேகையில் ஆள் வேண்டும்.

எந்தக் கருவியானாலும் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். நாலு வருடத்துக்கு முன் ஒருமுறை கேமரா ஒன்றை இரவல் வாங்கி, பொங்கல் வடியும் இரவில் மூன்று மணி நேரம் படம் எடுத்தேன். பள்ளம் அழகாக விழுந்திருந்தது. காலையில்தான் கேமராவின் கடிகாரம் சில நிமிடம் பின்தங்கியிருப்பதைக் கவனித்தேன். எவ்வளவு பின்தங்கல் என்று அந்த இரவிலேயே குறித்து வைக்கவில்லை. மூன்று மணி நேர உழைப்பில் மறைப்பின் வடிவம் மட்டும் மிஞ்சியது, நேரம் போனது போனதுதான். அதோடு, பூமி சூரியனைச் சுற்றுவதால் இந்த நட்சத்திரத்தின் ஒளி வருடத்தில் ஒரு சமயம் எட்டு நிமிடம் முந்தியும் இன்னொரு சமயம் எட்டு நிமிடம் பிந்தியும் வரும். அதை மென்பொருள் திருத்திக்கொடுக்கும், நாம் சரியான உலக நேரத்தைக் கொடுத்தால். நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழிக்கும்போது தேதியும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆக, கண்ணால் பார்ப்பவளான நான் ஸ்மார்ட் டெலஸ்கோப்பையே சொல்கிறேன். தம்பியின் கேள்வி “பொங்கியதா?” என்று இருந்தால் தயங்காமல் டாப்சோனியன் என்றிருப்பேன். “எத்தனை மணிக்கு மறைந்தது, எவ்வளவு ஆழம்?” என்பது அவன் கேள்வி. வேலை முடித்து எட்டரைக்கு வீடு திரும்பும் பையன் ஒரு கையில் தூக்கிக்கொண்டு படியேறக்கூடியதும், நட்சத்திரம் அடங்கிக் கிடக்கும் இரவிலும் பார்க்கக்கூடியதும் அது ஒன்றுதான். கண்ணால் பார்க்க ஆசை வந்தால் என்னுடையது மாடியில்தானே இருக்கிறது. வரட்டும், காட்டுகிறேன்.

நேற்று மாலை அவனை மாடிக்குக் கூட்டிப் போய்க் கிழக்குக் கைப்பிடிச் சுவரில் போலக்ஸ் எழும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். மறைப்புக் கணக்கையும் சொல்லிக்கொடுத்தேன்: இன்றைக்கு இரவு 9 மணிக்கு ஒரு மறைப்பு என்றால், ஆறு சுற்று தள்ளி நாளை 10.28க்கு, அதற்கு முந்தையது மாலை 6.14க்கு, அப்போது தை மாதத்தில் நட்சத்திரம் அடிவானத்திலேயே இருக்கும், உதவாது. “அப்போ நாளன்னைக்கு 11.57க்கா அக்கா?” என்று விரல் விட்டு எண்ணிக் கேட்டான். 11.57தான். போகி இரவு புகையை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.